ஏழாவது தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன்

எனக்கு நன்றாகப் பேச வரும் என்று நாற்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதற்கு அரசாங்கச் சான்று இருக்கிறது. கையெழுத்து, முத்திரை, பக்க எண் எல்லாம் போட்டு, தி.நகரில் ஒரு இரும்பு பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம் செய்கிற முட்டாள்தனத்தை நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். (மறக்கும். யாரும் மினிட்ஸ் எழுதாமல் இருந்தால்.)

நான் லிஃப்ட் மெக்கானிக். வணிக வளாகம், வாகன நிறுத்தம், சமுதாயக் கூடம் என்று கட்டிவைத்துப் பராமரிக்கிற ஒரு அரசுக் கழகத்தில் வேலை. கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குப் பென்ஷன் வர வேண்டும். மயிலாப்பூர், அடையாறு, அசோக் நகர் என்று எங்கே எங்கள் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தலைமை அலுவலகம் தி.நகரில், எங்களுடைய வளாகம் ஒன்றின் நான்காவது மாடியில் இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் துணிக்கடையும் பாத்திரக்கடையும். அடித்தளத்தில் வண்டி நிறுத்தம். அங்கே டோக்கன் கவுன்ட்டரில் உட்காருகிறவள் என் மனைவி கலா.

அந்த வளாகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் ஒரு அறை. இரண்டு கழிப்பறை, ஒரு குழாய், ஒரு பெஞ்சு, புடவை மாட்ட நாலு ஆணி, ஒரு கண்ணாடி. வெளியே ‘பெண் பணியாளர் ஓய்வறை’ என்று எழுதியிருக்கும். துப்புரவுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஆற்றோரத்தில் குடியிருந்து, அங்கிருந்து எடுத்துப் பெரும்பாக்கம் பக்கம் கொண்டுபோய்ப் போடப்பட்டவர்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, யூனிஃபார்ம் மாற்றி, வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, மாதத்தில் முடியாத மூன்று நாள் கொஞ்சம் படுத்து எழுந்திருக்க அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு அறைதான். கலாவும் அங்கேதான் போவாள். தி.நகரில் எள் போட்டால் எள் விழாத கூட்டம் வருகிறது, ஆனால் ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்குவதற்கு வழியில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் கழகத்தின் இயக்குநர் குழுவில் தொழிலாளர்களின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று அரசாணை வந்தது. அதிகாரிகளுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்காரலாம். ஆளைத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். யார் நிற்பது என்ற கேள்வியே எழவில்லை. வாயிற்கூட்டம் என்றால் மைக்கைப் பிடிப்பது நான்தான். ஒரு தடவை சோப்புத் தரவில்லை என்பதற்கு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். (சோப்பு கடைசிவரை வரவில்லை. ஆனால் பேச்சு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.)

எனக்காக ஓட்டுக் கேட்டது துப்புரவுப் பிரிவின் மேஸ்திரி கஸ்தூரியக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்த ஓய்வறையைக் கடைக்கு விடப்போகிறார்கள் என்று அப்போதே காற்றுவாக்கில் ஒரு செய்தி. அக்கா கிளை கிளையாக ஏறி இறங்கி ஒரே ஒரு வாக்குறுதியைச் சொல்லி ஓட்டு வாங்கினார்: தனசேகரை மேலே அனுப்பினால் அறை இருக்கும். நானும் எல்லாக் கூட்டத்திலும் நெஞ்சில் கைவைத்து, என் பிணத்தைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் பூட்டுப் போட முடியும் என்று சொன்னேன். யாராவது பிணத்தைக் கேட்டார்களா? இல்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

ஜெயித்தேன். மறுநாளே பாண்டி பஜாருக்குப் போய் ஒரு கோட்டு வாங்கினேன். சித்திரை வெயிலில், கறுப்புக் கோட்டு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் தடிமனாக ஒரு புத்தகம் வந்தது. கூட்டத்தில் என்னென்ன தீர்மானம் வரும் என்று முழுக்க இங்கிலீஷில் இருந்தது. நான் அதைப் படித்த லட்சணத்தைப் பார்த்து, பி.காம். படித்துக்கொண்டிருந்த என் மகள் யாழினி பிடுங்கிக்கொண்டாள். ஏழாவது தீர்மானத்தில் நின்றாள். தரைத்தள இடத்தை உகந்த முறையில் பயன்படுத்துவது என்று தலைப்பு. மூன்று பக்கத்துக்கு எங்கேயும் பெண்கள் என்றோ கழிப்பறை என்றோ ஒரு வார்த்தை இல்லை. நாலு தடவை படித்துவிட்டு, “அப்பா, அம்மாவோட ரூமைக் கடைக்கு விடப் போறாங்க” என்றாள்.

அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதினேன். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறைக்குள் நின்று, அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகினேன். இரண்டாம் பக்கத்தில் எனக்கே கண் கலங்கும். கலா ஒரே ஒரு யோசனைதான் சொன்னாள்: அந்தப் பேச்சை நாலு வரியாக்கி, முதல் நாளே தலைவர் கையில் கொடுத்துவிடலாமே என்று. பெரிய சபையில் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள், உனக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். (எனக்குத் தெரியுமாம்.)

இங்கே எங்கள் சங்கத்துப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. எங்கள் பொதுக்குழுவில் ஒரு தீர்மானத்தை யார் முன்மொழிகிறாரோ அவருக்குத்தான் முதல் பேச்சு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அதனால் தீர்மானம் பிடிக்காதவனும் முந்திக்கொண்டு எழுந்து முன்மொழிவான். முன்மொழிந்துவிட்டு அதைக் கிழி கிழியென்று கிழிப்பான். கேட்கிறவர்கள் மனசு மாறிப் போகும், தீர்மானம் தோற்றுப் போகும். இருபது வருடமாக நாங்கள் இப்படித்தான் ஜெயித்தோம். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கூட்டத்தன்று கோட்டு போட்டுக்கொண்டு போனேன். தலைவர், செயலாளர், மற்ற இயக்குநர்கள் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, கோபாலபுரத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். செயலாளர் வைத்தீஸ்வரன் மயிலாப்பூர். சட்டம், விதி எல்லாம் விரல் நுனியில். என்னை அன்பாக உட்காரவைத்து, ஏசி போதுமா என்று கேட்டார். கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன், போதும் என்றேன்.

கூட்டம் ஆரம்பித்தது என்று நான் தெரிந்துகொள்வதற்குள் மூன்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் தொண்டையைக் கனைக்கவில்லை. செயலாளர் எண்ணைச் சொல்வார், ஒருவர் “முன்மொழிகிறேன்” என்று தன் போனைப் பார்த்தபடியே சொல்வார், இன்னொருவர் “வழிமொழிகிறேன்” என்பார், தலைவர் அடுத்தது என்பார். கோடம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தையே இடிக்கிற தீர்மானம், நான் பிஸ்கட்டை டீயில் முக்கி எடுப்பதற்குள் முடிந்துபோனது. பிஸ்கட் டீயில் விழுந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. என்ன மனிதர்கள் இவர்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை விவாதிக்க மாட்டார்களா என்று பற்றிக்கொண்டு வந்தது. (அவர்கள் முதல் நாளே போனில் பேசி முடித்துவிட்டு, கூட்டத்துக்குத் தலையாட்ட மட்டும் வருகிறவர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கலா சொன்னதும் அதைத்தான்.) ஆறாவதும் போனது. ஏழாவது வந்தால் இதே வேகத்தில் எவனாவது முன்மொழிந்துவிடுவான், பேசுகிற உரிமை அவனுக்குப் போய்விடும் என்று பயம் வந்தது. செயலாளர் “ஏழு” என்று சொன்னதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, மோட்டார் ரூமில் பழகிய குரலில் சொன்னேன்:

“தலைவர் அவர்களே, ஏழாவது தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன்.”

என் இடது பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டு விழித்து, வழிமொழிகிறேன் என்றார். தலைவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்பு. நான் கோட்டின் உள்பையிலிருந்து நாலு பக்கத்தையும் எடுத்துப் பிரித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, முதல் வரியைத் தொடங்கப்போனேன்.

“ரொம்ப நன்றி மிஸ்டர் தனசேகர்” என்றார் தலைவர். “எட்டு.”

ஐயா, நான் பேச வேண்டும் என்றேன். பேசலாமே, புதிதாக வந்தவர்தான் கடைசியில் நன்றியுரை சொல்வது வழக்கம், அப்போது தாராளமாகப் பேசுங்கள் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் நான் நிற்கும்போதே போய்விட்டன. அந்த இடத்தில் நான் மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். இது என் கருத்தல்ல, எழுதாதே என்று கத்தியிருக்க வேண்டும். ஆயிரம் பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு, எட்டுப் பேர் மரியாதையாகப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். பயந்துவிட்டேன். வேறு கதையெல்லாம் சொல்ல விரும்பவில்லை.

நன்றியுரையில் பேச்சை எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் முந்திரி பக்கோடா வந்துவிட்டது. தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, இந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவர்களுக்கு நன்றி (அதாவது எனக்கு நானே) என்று சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். வெளியே வரும்போது வைத்தீஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய உபகாரம் பண்ணினேள் சார். ஏழாவதுல நீங்க ஏதாவது ரகளை பண்ணிடுவேளோன்னு தலைவரே கவலையா இருந்தார். நீங்களே முன்மொழிஞ்சுட்டேளே.” அவர் கிண்டல் செய்யவில்லை, மனதார நன்றி சொன்னார் என்பதுதான் கொடுமை.

நாலாவது மாடியிலிருந்து கீழே வருவதற்கு லிஃப்டுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குள் என் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைத் தயார் செய்தேன். கீழே கதவு திறந்ததும் கஸ்தூரியக்காவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் துடைப்பத்தோடு நின்றிருந்தார்கள். பின்னால் கலா, கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

“போராடினேன் அக்கா. அவங்க எட்டுப் பேரு, நான் ஒருத்தன். என்ன பண்ண முடியும்?” என்றேன்.

அக்கா என் தோளைத் தட்டி, வருத்தப்படாதே நைனா, ஒத்தை ஆளாக நின்றாயே அது போதும் என்றார். யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருத்தி கோட்டை வாங்கி மடித்து வைத்தாள். சாயங்காலம் கலா வஞ்சிர மீன் வறுத்தாள். உங்களுக்கு இவ்வளவு தைரியம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லி, நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். அந்த மீனை நான் முள்ளோடு சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன், எதுவும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் கூட்டத்தின் மினிட்ஸ் வந்தது. ஊழியர்களுக்கு எல்லாம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று புதுசாக ஒரு நல்லெண்ணம் வந்து, தமிழிலும் மொழிபெயர்த்து ஒட்டினார்கள். (இருபது வருடமாக ஒரு சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுக்காதவர்கள்.) ஒட்டிய இடம், காலையில் எல்லோரும் கைரேகை வைக்கிற மிஷினுக்கு நேர் மேலே. ‘தீர்மானம் ஏழு: தரைத்தளப் பெண் பணியாளர் ஓய்வறையை மூடி, அவ்விடத்தைக் கடைக்கு விடுவது. தொழிலாளர் இயக்குநர் திரு. தனசேகர் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’ இங்கிலீஷில் மூன்று பக்கத்துக்கு ஒளித்து வைத்ததைத் தமிழில் ஒரே வரியில் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

முதலில் படித்தவள் கலா. போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், கூட ஒரு எழுத்துகூட இல்லை. ‘எங்கள் இயக்குநர்’ என்று பெயர் வைத்திருந்த ஊழியர் வாட்ஸ்அப் குழுவின் பெயர் மத்தியானத்துக்குள் ‘ஏகமனதாக’ என்று மாறிவிட்டது. நான் அசோக் நகரில் ஒரு லிஃப்டுக்குள் சாவகாசமாக ரிப்பேர் பார்த்துக்கொண்டு, வெளியே வராமலே பொழுதை ஓட்டினேன்.

ராத்திரி தட்டில் உப்புமா விழுந்தது. எனக்கு உப்புமா பிடிக்காது. ஏன் உப்புமா என்று கேட்கிற தைரியமும் இல்லாமல் பார்த்தேன். கலா சொன்னாள்: “நீங்கதான் முன்மொழிஞ்சீங்க. நானும் யாழினியும் வழிமொழிஞ்சோம். சாப்பிடுங்க.”

அதோடு முடிந்திருந்தால் வெறும் அவமானம். மாதம் பிறந்ததும் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள், பெஞ்சைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பெண்கள் மாடிப்படிக்கு அடியில் ஒருத்திக்கு ஒருத்தி புடவையை விரித்துப் பிடித்து உடை மாற்றினார்கள். பாத்திரக்கடைக்காரர்கள் இரண்டு நாள் தங்கள் கழிப்பறைக்குப் போக விட்டார்கள், மூன்றாம் நாள் அதற்கும் பூட்டு. நான் இரண்டு மனு எழுதினேன். இரண்டுக்கும், இது தாங்களே முன்மொழிந்த தீர்மானம் என்பதை நினைவூட்டுகிறோம் என்று பதில் வந்தது.

கலா காலையிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. சிறுநீரில் கிருமி, நாள் முழுக்க அடக்கிவைத்ததால் வந்தது என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடியுங்கள் அம்மா என்றார். “குடிச்சுட்டு எங்க போறது டாக்டர், இவரோட போர்டு ரூமுக்கா?” என்றாள் கலா. டாக்டர் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கமாக என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை.

கூட வந்திருந்த யாழினி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், நான் பதவியேற்றபோது கழகம் எனக்குக் கொடுத்த கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பி உட்கார்ந்தாள். அதில் ஒன்று: நாலாவது மாடியில் இயக்குநர்கள் ஓய்வறை உண்டு. ஏசி, சோபா, வெந்நீர் வருகிற குழாயோடு இரண்டு கழிப்பறை. இயக்குநரும் அவருடைய விருந்தினரும் எல்லா வேலை நாட்களிலும் உபயோகிக்கலாம். கதவு திறப்பதற்கு ஒரு கார்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் எட்டுப் பேர் முகம் கழுவிக்கொள்வதற்காக அந்த அறை வருடம் முழுக்கக் காத்துக்கிடந்தது. என் கார்டு கோட்டுப் பையில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கஸ்தூரியக்கா வீட்டுக்கு வந்தார். மினிட்ஸ் ஒட்டியதிலிருந்து என்னோடு பேசாதவர். கலா தகவல் சொல்லியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டு ஒரு பேச்சு ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ பேசினது போதும் நைனா. எங்களுக்குப் பதிலாத்தான உன்ன அங்க குந்த வெச்சோம்? இனிமே நாங்களே போய் குந்திக்கிறோம். கார்டு எங்க கீது?”

விதி இருக்கிறது, செயலாளர் இருக்கிறார், வேலை போய்விடும் என்று நான் இழுத்தேன். நீங்கள் எதையும் முன்மொழிய வேண்டாம், கார்டை மட்டும் கொடுங்கள் என்றாள் கலா. கொடுத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து நாலாவது மாடி வாட்ச்மேன் நோட்டில், விருந்தினர் பெயர் என்ற இடத்தில் வரிசையாகப் பதினாலு பெண்கள் கையெழுத்து. யாருடைய விருந்தினர் என்ற இடத்தில் பதினாலு தடவையும் என் பெயர். வைத்தீஸ்வரன் பதறிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். இதெல்லாம் அழகா சார் என்றார். எனக்கு வாய் திறப்பதே விட்டுப்போயிருந்தது. அவரும் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். விருந்தினர் இத்தனை பேர்தான் வரலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதினவர்கள் கனவில்கூட இப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அறை அமளிப்பட்டது. சோபாவில் ஒருத்தி படுத்திருப்பாள், கண்ணாடி மேஜையில் டிபன் பாக்ஸ், ஏசிக்கு நேரே யூனிஃபார்ம் காயும். எனக்கு அங்கே எட்டிப் பார்க்கவே பயம்.

கூட்டத்தன்று தலைவர் கோபாலபுரத்திலிருந்து புறப்பட்டு, மேம்பாலத்தில் மாட்டி, முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. லிஃப்டிலிருந்து இறங்கியவர் யாரையும் பார்க்காமல் நேராக இயக்குநர்கள் ஓய்வறைக்கு வேகநடையாகப் போனார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். கதவைத் திறந்தால் உள்ளே பதினாலு பேர். இரண்டு கழிப்பறையும் சாத்தியிருந்தது. கஸ்தூரியக்கா மரியாதையாக எழுந்து, சோபாவைத் தன் முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“வா சார், குந்து. உள்ள ஆளு கீது. ஒரு அஞ்சு நிமிசம்.”

தலைவர் உட்காரவில்லை. உட்காருகிற நிலைமையில் அவர் இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். நெற்றியில் வேர்த்தது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, “கஷ்டமாத்தான் இருக்கும் சார். எங்களுக்கு இது ரெண்டு மாசமா” என்றார். ஐந்து நிமிடம் என்று சொன்னது ஏழு நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டத்தில் தலைவர் முதல் தீர்மானத்துக்கே போகவில்லை. பழைய ஏழாவது தீர்மானத்தை எடுங்கள், அதை ரத்து செய்துவிடலாம் என்றார். யார் முன்மொழிகிறீர்கள் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜையைப் பார்த்தேன். போன தடவை வாயைத் திறந்து பட்டது போதாதா? இப்போது திறந்தால் கழகத்தையே இழுத்து மூடிவிடுவேனோ?

“மிஸ்டர் தனசேகர், மூடச் சொன்னது நீங்கதானே? நீங்களே தொறக்கச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

“முன்மொழிஞ்சா என்னங்க ஆகும்?” என்று செயலாளரைக் கேட்டேன்.

“நிறைவேறிடும்.”

“என்னைப் பேச விடுவீங்களா?”

“விட மாட்டோம்.”

“அப்ப முன்மொழியறேன்.”

அறை திரும்பி வந்தது. பெஞ்சு வந்தது, கூடவே ஒரு மின்விசிறியும் வந்தது. என் பதவிக்காலம் முடிகிறவரை நான் இன்னும் ஐந்து கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னால் யாழினி புத்தகத்தைப் படித்துச் சொல்ல, கலா நாலு வரி எழுதித் தர, முதல் நாளே வைத்தீஸ்வரன் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். கோட்டை யாழினியின் கல்லூரி நண்பன் ஒருவன் கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போனான், நான் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டில் இன்றைக்கும், யாரும் செய்ய விரும்பாத காரியம் எது வந்தாலும், தண்ணீர் மோட்டாருக்கு ஆள் கூப்பிடுவதோ சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்தோ, அப்பா முன்மொழியட்டும் என்று என் தலையில் கட்டிவிடுகிறார்கள். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கலா, “நன்றி. எட்டு” என்பாள்.

அறை திறந்த வாரத்தில் பெண்களே கைக்காசு போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். அரசாங்கக் கட்டடத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்குமே, அதே மாதிரி, நீலத்தில் வெள்ளை எழுத்து. ‘பெண் பணியாளர் ஓய்வறை. மூட முன்மொழிந்தவர்: திரு. தனசேகர், தொழிலாளர் இயக்குநர். திறந்தவர்கள்: நாங்கள்.’

இது அநியாயம், திறக்க முன்மொழிந்ததும் நான்தான், மினிட்ஸில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள் என்று கஸ்தூரியக்காவிடம் சண்டைக்குப் போனேன். அக்கா பாக்கை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார். “அது நீ பண்ணதில்ல நைனா. நாங்க பண்ணோம். நீ வாயத் தொறந்த, அவ்ளோதான்” என்றார்.

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. தி.நகர்த் தூசி உங்களுக்குத் தெரியும், ரெண்டே நாளில் எதையும் மறைத்துவிடும். கலா தினமும் காலையில் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் போகிறாள். முழுப் பலகையையும் இல்லை, என் பெயர் இருக்கிற வரியை மட்டும்.